புதுப்பிப்பு: பின்சுவர் ஈரத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

மழை பெய்தால் எங்கள் புறநகர் வீட்டின் பின்சுவரில் ஈரம் ஏறுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். குறை சுவரில் இல்லை, மண்ணில்தான். செடிகளுக்காக ஆண்டுதோறும் மண் கொட்டியதில் தரை வீட்டை நோக்கிச் சரிந்துவிட்டது. சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை 15 செ.மீ. அளவாவது வெளிப்புறமாகத் தாழ வேண்டும். மண்ணை வெட்டியெடுத்தபோது சுவரடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டதும் மாவாக உதிர்ந்தது.

நீரைத் தெரு வடிகாலுக்குத் திருப்பினால், அதுவோ இலைக்குப்பையால் அடைபட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்வெட்டியோடு வந்து நின்றார், பிறகு எதிர்வீட்டாரும். நான்கு வீட்டு நீருக்கும் அது ஒன்றே வழி என்பது அன்றுதான் உறைத்தது. நேற்றைய மழையில் எங்கும் தேங்கவில்லை. சுவர் நன்றாகக் காயும்வரை வண்ணம் பூசப்போவதில்லை.