ஆர்ஓ மெஷினில் ஃபிளஷ் ஓடும்போது அழுத்தம் ஏறும் என்று சொன்னவருக்கு

கொருக்குப்பேட்டை குமரன்:
உப்பை மெம்பரேன் என்ற சவ்வால் வடிகட்டும் ஆர்ஓ மெஷினையும், அந்தச் சவ்வைத் தானாக அலசும் ஃபிளஷையும் பற்றி நேற்று குடிதண்ணீர் திரியில் பெரம்பூர் பொறியாளன் எழுதியது இது: "ஆட்டோ ஃபிளஷ் இருந்தால் மெம்பரேனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஃபிளஷ் ஓடும்போது அழுத்தம் பல மடங்கு ஏறும். அந்த அழுத்தத்தில் ஒட்டியிருக்கும் உப்பெல்லாம் பெயர்ந்து வேஸ்ட் குழாயில் போய்விடும்." கீழே ஒரு கூட்டமே ஆமாம் போட்டிருக்கிறது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வருஷக்கணக்காக இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டுகிறவன் நான். ஃபிளஷில் அழுத்தம் ஏறாது, இறங்கும்.

எப்படி என்று கேளுங்கள். பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. மெம்பரேனைத் தாண்டி வேஸ்ட் பக்கம் போகும் குழாயில் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்று ஒரு குறுகலான வழி இருக்கிறது. அது தடுப்பதால்தான் உள்ளே அழுத்தம் நிற்கிறது, தண்ணீர் மெம்பரேனுக்குள் புகுந்து வடிகிறது. ஃபிளஷ் வால்வு என்பது அந்தக் குறுகலைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி. அது திறந்ததும் தடுப்பு இல்லை. தண்ணீர் மெம்பரேனின் மேல்பரப்பை வழித்துக்கொண்டு வேகமாக ஓடும். வழியில் இருக்கும் தளர்ந்த சேறும் வழவழப்பும் போகும். கெட்டியாக உறைந்த சுண்ணாம்பு போகாது. இவ்வளவுதான் விஷயம்.

பெரம்பூர் பொறியாளன்:
வேகம் கூடுமாம், அழுத்தம் விழுமாம். அழுத்தம் இல்லாமல் வேகம் எங்கிருந்து வரும்? என் வீட்டில் ஃபிளஷ் தொடங்கியதும் வேஸ்ட் குழாய் துள்ளுகிறது, சிங்க்கில் கழுவி வைத்த பாத்திரம் வரைக்கும் தெறிக்கிறது. அதற்குப் பெயர் அழுத்தம் இல்லையென்றால் வேறு என்ன? நான் மெக்கானிக்கல் படித்தவன். ஸ்பேனர் பிடிக்கிறவர்களிடம் பாடம் கேட்கும் நிலையில் இல்லை.

வண்ணை வியாபாரி:
குமரன் அண்ணே, இப்படி எழுதிக் கஸ்டமரைக் குழப்பாதீர்கள். ஃபிளஷ் உள்ள மெஷினில் மெம்பரேன் கூடுதல் நாள் உழைக்கிறது. கடையில் தினமும் பார்க்கிறேன். பொறியாளன் சார் சொன்னதில் என்ன தப்பு?

கொருக்குப்பேட்டை குமரன்:
கூடுதல் நாள் உழைக்காது என்று நான் எங்கே சொன்னேன்? என் பதிவை இன்னொரு தடவை படியுங்கள். அழுத்தம் ஏறும் என்று சொன்னதுதான் தப்பு.

பொறியாளன் சாருக்கு: ஸ்பேனர் பிடிக்கிறவன் சொன்னால் நம்ப வேண்டாம், உங்கள் மெஷினையே கேளுங்கள். மூடியைத் திறந்து, மெம்பரேனிலிருந்து தொட்டிக்குப் போகும் நல்ல தண்ணீர் குழாயைக் கழற்றி ஒரு டம்ளரில் விடுங்கள். ஃபிளஷ் ஓடும் அந்தச் சில விநாடிகள் அதில் தண்ணீர் மெலிந்து சொட்டாகிவிடும், நின்றும் போகலாம். வால்வு மூடியதும் மறுபடி ஓடும். உள்ளே அழுத்தம் பல மடங்கு ஏறியிருந்தால் நல்ல தண்ணீர் கூடுதலாக அல்லவா கொட்ட வேண்டும்? பம்பு சத்தத்தையும் கவனியுங்கள். ஃபிளஷில் சுமை குறைந்து சத்தம் மாறும். பம்புக்கும் மெம்பரேனுக்கும் நடுவே ஒரு பிரஷர் கேஜ் மாட்டினால் முள் சடாரென்று கீழே விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என் கடையில் அப்படி ஒன்று மாட்டியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஃபிளஷ் வால்வில் தூசு சிக்கித் திறந்தபடியே நின்றுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வேஸ்டில் ஆறாக ஓடும், தொட்டி நிரம்பவே நிரம்பாது. எங்களுக்கு அடிக்கடி வரும் கம்ப்ளெயின்ட் அது. அழுத்தம் ஏறுகிறது என்றால் அந்த மெஷினில் தொட்டி வழிந்திருக்க வேண்டும்.

ராயபுரம் ராணி:
அழுத்தம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? நல்ல தண்ணீர் ஒரு குடம் எடுக்க மூன்று குடம் சாக்கடைக்குப் போகிறது. அதற்கு மேல் ஃபிளஷ் என்று வேறு கொட்டுகிறீர்கள். எங்கள் தெருவில் லாரி வரவில்லை என்றால் பொம்பளைகள் ராத்திரி குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். அந்தத் தண்ணீரைத்தான் இந்த மெஷின் வாயில் ஊற்றுகிறோம். பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொல்லிவிட்டது, ஆர்ஓ அனுமதிக்கும் இடத்தில் 60 சதவீதத் தண்ணீருக்கு மேல் மீட்க வேண்டும் என்று. யார் கேட்கிறார்கள்? நான் வேஸ்ட் குழாயை மடக்கிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது வேஸ்ட் பாதிதான் வருகிறது.

கொருக்குப்பேட்டை குமரன்:
ராணி அக்கா, முதலில் அந்தக் கிளிப்பை எடுத்துவிடுங்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அந்தக் கிளிப் உங்கள் மெம்பரேனைக் கொல்கிறது.

கணக்கு சொல்கிறேன். தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1500 மில்லிகிராம் என்று வையுங்கள். நாலு லிட்டரில் ஒரு லிட்டர் மட்டும் நல்ல தண்ணீராக எடுத்தால் வேஸ்டில் உப்பு ஏறத்தாழ 2000 ஆகும். பாதிக்குப் பாதி எடுத்தால் 3000. நாலில் மூன்று பங்கு எடுத்தால் 6000. அந்த உப்புக் குழம்பு மெம்பரேன் மேலேயே நிற்கிறது. சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாத அளவுக்குப் போனதும் படிய ஆரம்பிக்கும். தீர்ப்பாயம் சொன்ன 60 சதவீதம் என்றால் வேஸ்டில் உப்பு இரண்டரை மடங்கு. அது முடியாதது இல்லை. ஆனால் அதற்குச் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் வேண்டும், அடிக்கடி ஃபிளஷ் வேண்டும், அதற்கென்று அமைத்த மெஷின் வேண்டும். கிளிப் போட்டு வராது. வேஸ்ட் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஊற்றுங்கள். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு மண்ணில் தங்கிவிடும்.

ராயபுரம் ராணி:
எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு வாளி தண்ணீர் வைக்கும் இடம். அதில் வேஸ்டுக்கு ஒரு வாளியாம். கிளிப் கிளிப்பாகவே இருக்கும்.

பெரம்பூர் பொறியாளன்:
நல்ல தண்ணீர் நிற்கிறது என்பதால் அழுத்தம் இல்லை என்று ஆகிவிடாது. அழுத்தம் திசை மாறியிருக்கிறது. அவ்வளவுதான். பெர்னூலி தேற்றம் என்று ஒன்று இருக்கிறது, தேடிப் படியுங்கள். உப்பு பெயர்வது அழுத்தத்தால்தான் என்று நான் சொன்னது சொன்னதுதான். இதே குமரன்தான் இன்வெர்ட்டர் திரியிலும் ஆர்ஓ தண்ணீரை பேட்டரிக்கு ஊற்றக்கூடாது என்று குதித்தவர். இன்றுவரை ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். பேட்டரி நன்றாகத்தான் ஓடுகிறது.

கொருக்குப்பேட்டை குமரன்:
அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் இல்லை அது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

பெர்னூலியையே எடுங்கள். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதுதானே அதில் இருக்கிறது? உங்கள் தேற்றமே என் பக்கம் நிற்கிறது, சார்.

பெரம்பூர் பொறியாளன்:
அரைகுறையாகப் படித்தால் அப்படித்தான் தெரியும்.

மணலி ஷிஃப்ட்காரன்:
நான் தொழிற்சாலை ஆர்ஓவில் ஷிஃப்ட் பார்ப்பவன். இரண்டு பேருமே வீட்டு மெஷினை வைத்துப் பேசுகிறீர்கள். எங்களிடம் பிளான்ட்டை நிறுத்தும்போது நல்ல தண்ணீரைக் கொண்டே ஃபிளஷ் செய்வோம், குறைந்த அழுத்தத்தில். உப்பு நீர் உள்ளே தேங்கி நிற்கக்கூடாது என்பதுதான் நோக்கம். தேங்கினால் படியும். அதோடு உப்பு மெதுவாக நல்ல பக்கத்துக்கும் கசியும். வீட்டில் காலையில் முதல் டம்ளரில் டிடிஎஸ் கூடுதலாகக் காட்டுவதற்கும் இதுதான் காரணம். உறைந்த படிவுக்கு ஆசிட், வழவழப்புக்குக் காரம் என்று தனித்தனியாகச் சுற்றவிட்டுக் கழுவுவோம். வெறும் ஃபிளஷ் அந்த வேலையைச் செய்யாது.

பெரம்பூர் பொறியாளன்:
ஷிஃப்ட்காரன் தம்பி, கடல்நீர் ஆலையில் அழுத்தம் எவ்வளவு? வீட்டு மெஷினைப் போலப் பல மடங்கு. அதனால்தான் அங்கே வேலை நடக்கிறது. ஆக அழுத்தம்தான் சுத்தம் செய்கிறது. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மணலி ஷிஃப்ட்காரன்:
நான் அப்படி எங்கே சொன்னேன்? "குறைந்த அழுத்தத்தில்" என்று எழுதியிருக்கிறேன். கடல்நீர் ஆலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எங்களுடையது கடல்நீர் ஆலையும் இல்லை.

திருவொற்றியூர் மீனா:
எங்கள் பக்கம் வருவது காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலைத் தண்ணீர்தான். 2010இல் திறந்தார்கள், நாளுக்கு 10 கோடி லிட்டர். ஏற்கெனவே ஆர்ஓவில் வடிந்து வருகிற தண்ணீருக்கு வீட்டில் இன்னொரு ஆர்ஓ எதற்கு? 500க்குக் கீழே டிடிஎஸ் இருந்தால் மெஷினே தேவையில்லை. வியாபாரிகள் மீட்டரைக் காட்டிப் பயமுறுத்தி விற்கிறார்கள்.

வண்ணை வியாபாரி:
வீட்டுக்கு வந்து சேரும்போது குழாயில் என்னென்ன கலக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா மேடம்? உங்கள் ஏரியாவுக்கு நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டது என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

திருவொற்றியூர் மீனா:
எங்களுக்கா நல்ல தண்ணீர்? எண்ணூர்ப் புகை எங்களுக்கு, மணலி நாற்றம் எங்களுக்கு. தண்ணீர் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, அதற்கும் கண் வைக்கிறீர்களா?

கொருக்குப்பேட்டை குமரன்:
மீனா அக்கா சொல்வதில் பாதி சரி. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் ஆர்ஓ வேண்டாம் என்று நானே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 10500இல் டிடிஎஸ்ஸுக்கு ஏற்கத்தக்க அளவு 500. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம். ஆனால் வடசென்னையில் எத்தனை வீட்டில் மெட்ரோ தண்ணீர் மட்டும் வருகிறது? ஒரே சம்ப்பில் மெட்ரோ, லாரி, போர் மூன்றும் கலக்கிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறி எத்தனையோ பத்தாண்டு ஆகிவிட்டது. இந்தக் கலவையில்தான் ஃபிளஷ் உதவுகிறது, இதில்தான் அது தோற்கவும் செய்கிறது.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டிலிருந்து எடுத்த பழைய மெம்பரேனை மேல் டேப்பை அறுத்து, நடுக்குழாயிலிருந்து மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் கடை வாசலில் விரித்தேன். தண்ணீர் நுழையும் முனையில் பழுப்பு வழவழப்பு. இடையில் இருக்கும் பிளாஸ்டிக் வலையின் கண்ணெல்லாம் அதுதான். குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டேன், பெரும்பகுதி ஓடிவிட்டது. வெளியேறும் முனைக்கு வந்தால் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் நறநறவென்கிறது. அதே குழாய், அதே வேகம், அசையவில்லை. அரை எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தேன். உடனே நுரைத்துப் பொங்கியது. வெந்நீர்ப் பானையில் அடிப்பிடிக்கும் சுண்ணாம்பேதான் அது.

ஃபிளஷ் செய்வது அந்த முதல் முனை வேலையை. இரண்டாவது முனையில் அது செய்வது, உப்புக் குழம்பு தேங்கிக் கல்லாவதற்கு முன்பே அதைத் தள்ளிவிடுவது. கல்லான பிறகு ஒன்றும் செய்யாது. அழுத்தம் எவ்வளவு ஏற்றினாலும் செய்யாது. உண்மையில் அழுத்தத்தை ஏற்றினால் உப்பை மெம்பரேன் மேல் இன்னும் அழுத்தி நெருக்கும். அதனால்தான் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்குகிறார்கள்.

அப்புறம் குளோரின். முன்னால் இருக்கும், குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டர் தீர்ந்துபோனால் மெட்ரோ தண்ணீரில் இருக்கும் குளோரின் மெம்பரேனின் மெல்லிய பாலிஅமைடு தோலை அரித்துவிடும். அதை எந்த ஃபிளஷும் திருப்பித் தராது. லாரித் தண்ணீர் ஊற்றும் வீட்டில் மண்ணைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரை மாற்றாமல் ஃபிளஷை நம்பி உட்கார்ந்தால் அந்த வால்விலேயே மண் சிக்கும். "கவலையே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியதைப் படித்து எத்தனை பேர் ஃபில்டர் மாற்றாமல் விடுவார்கள்? அதுதான் எனக்கு ஆத்திரம்.

வண்ணை வியாபாரி:
ஆக மொத்தம் அடிக்கடி சர்வீஸ் செய்யச் சொல்கிறீர்கள். சர்வீஸ் செய்கிறவர் வேறு என்ன சொல்வார்?

கொருக்குப்பேட்டை குமரன்:
மெஷின் விற்கிறவர் வேறு என்ன கேட்பார்? எலுமிச்சம் பழத்துக்கு நான் பில் போடவில்லை.

பெரம்பூர் பொறியாளன்:
நீண்ட கதை. மெம்பரேனை வெளியே எடுத்து, அறுத்து, குழாயில் காட்டினால் அது சோதனையா? உள்ளே மூடிய உறைக்குள் பம்பு தள்ளும்போது இருக்கும் அழுத்தம் உங்கள் கடை வாசலில் இருந்ததா? இல்லை. அழுத்தம் இல்லாததால் பொருக்கு பெயரவில்லை. நான் சொன்னதையே நிரூபித்திருக்கிறீர்கள்.

மணலி ஷிஃப்ட்காரன்:
சார், உள்ளே பொருக்கு உருவானதே அந்த அழுத்தம் இருந்தபோதுதான்.

பெரம்பூர் பொறியாளன்:
தம்பி, நான் உங்களிடம் பேசவில்லை.

ராயபுரம் ராணி:
கிளிப் போட்டதிலிருந்து தண்ணீர் கொஞ்சம் கரிக்கிறது. மெட்ரோ தண்ணீர் மாறியதாலா?

கொருக்குப்பேட்டை குமரன்:
கிளிப்பால்தான் அக்கா. உள்ளே குழம்பு கெட்டியானால் இந்தப் பக்கம் கசிவதும் கூடும். எடுங்கள்.

ராயபுரம் ராணி:
மெட்ரோ தண்ணீர்தான் மாறியிருக்கும். பக்கத்து வீட்டிலும் கரிக்கிறதாம்.

கொருக்குப்பேட்டை குமரன்:
பக்கத்து வீட்டிலும் கிளிப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பொறியாளன் சார், மூடிய உறைதானே வேண்டும்? கேஜும் ஒரு டி ஃபிட்டிங்கும் எடுத்துக்கொண்டு நானே பெரம்பூர் வருகிறேன். உங்கள் வீட்டு மெஷினில், உங்கள் கண் முன்னால் மாட்டுகிறேன். ஃபிளஷ் ஓடும்போது முள் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று வீடியோ எடுத்து நீங்களே இங்கே போடுங்கள். எந்த நாள் வசதி?

பெரம்பூர் பொறியாளன்:
என் மெஷின் வாரன்டியில் இருக்கிறது. வெளியாட்கள் கை வைத்தால் போய்விடும். கேஜ் வைத்து அளப்பது ஒரு புள்ளியில் இருக்கும் அழுத்தம் மட்டும்தான், மெம்பரேன் மேல் விழும் மோதல் அழுத்தம் வேறு. அதைப் பற்றித் தனித் திரி தொடங்குகிறேன்.

கொருக்குப்பேட்டை குமரன்:
தொடங்குங்கள். அங்கேயும் வருகிறேன். டம்ளர் சோதனைக்கு வெளியாள் வேண்டாம், அதை இன்று ராத்திரியே செய்யலாம்.