சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த திருவிதாங்கூர் நாணயங்களை இணைய ஏலத்தில் விற்கிறேன். மாதம் பத்து உருப்படி போனால் பெரிது.

போன வாரம் நான்கு செப்புச் சக்கரங்கள் (திருவிதாங்கூரின் பழைய காசு) 850 ரூபாய்க்குப் போயின. வாங்கியவர் கிரெடிட் கார்டில் கட்டினார். பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் பிடித்த கட்டணம் 2 சதவீதம், அதாவது 17 ரூபாய். கைக்கு வந்தது 833 ரூபாய். விரைவுத் தபால் செலவும் என் தலையில்தான். யுபிஐ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் 2020 ஜனவரி முதல் விற்பவருக்கு இந்தப் பிடித்தம் இல்லை; ஆனால் கார்டுக்காரரைத் திருப்பி அனுப்ப மனம் வருமா?

இப்போது அந்த நிறுவனம் சேமிப்புக் கணக்குக்குப் பதில் நடப்புக் கணக்கு (வியாபாரத்துக்கான வங்கிக் கணக்கு) கேட்கிறது. வங்கியிலோ குறைந்தபட்ச இருப்பு என்று ஒரு தொகை சொல்கிறார்கள். என் மாத விற்பனையே அவ்வளவு வராது. உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) மட்டும் காட்டி, குறைந்த இருப்பில் நடப்புக் கணக்கு தொடங்கியவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன தாள்கள் கேட்டார்கள்?