ஒரு வார்த்தை சொல்லாததால ரெண்டு அடி போச்சு: கோல்ஃப் லேடீஸ் செக்‌ஷன் போட்டி அனுபவங்கள்

போடிக்காரி

எனக்குப் பிறந்த ஊர் போடி. கட்டிக் கொடுத்தது மூணாறு பக்கம். வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீஸ்ல இருக்கார். பிள்ளைங்க ஹாஸ்டலுக்குப் போனதும் பொழுது போகலைன்னு கோல்ஃப் கிளப்புல லேடீஸ் செக்‌ஷன்ல சேர்ந்தேன். கோர்ஸ் 9 குழிதான். போட்டின்னா ரெண்டு சுத்து சுத்தி 18 ஆக்கிக்குவோம்.

போன மாசம் என்னோட முதல் மெடல், அதான் மொத்த அடியை எண்ணுற போட்டி. மூணாவது குழியில டீ ஷாட், அதான் குழி ஆரம்பிக்கிற முதல் அடி, அடிச்சேன். நல்ல அடிதான், ஆனா பந்து போன பக்கமே தெரியல. பஞ்சுப்பொதி மாதிரி மஞ்சு இறங்கிடுச்சு. தொலைஞ்சிருக்கும்னு நினைச்சு பையில இருந்து வேற பந்தை எடுத்து, "இன்னொன்னு போட்டுக்கிறேன்க்கா"ன்னு சொல்லிட்டு அடிச்சேன். நடந்து போய்ப் பார்த்தா முதல் பந்து ஃபேர்வே, அதான் புல் வெட்டின பாதை, நடுவுல பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கு. சந்தோஷமா அதை அடிக்கப் போனேன். என் ஸ்கோரை எழுதுற மார்க்கரா வந்த அக்கா கையை நீட்டித் தடுத்துட்டாங்க.

"ப்ரொவிஷனல்னு சொன்னியா?"

"இன்னொன்னு போடுறேன்னு சொன்னேனேக்கா."

"அது பத்தாது. அந்த வார்த்தையைச் சொல்லணும், இல்ல பந்து தொலைஞ்சிருந்தா மட்டும்தான் இதுன்னு தெளிவாப் புரியுற மாதிரி சொல்லணும். சொல்லாம அடிச்சா ரெண்டாவது பந்துதான் உன் பந்து. முதல் பந்து செத்துப்போச்சு."

முதல் அடி 1, தண்டம் 1, ரெண்டாவது பந்து அடிச்சது 3. கண்ணு முன்னாடி நல்ல பந்து கிடக்குது, அதைத் தொட்டா தப்பான பந்தை அடிச்சதுக்கு இன்னும் ரெண்டு அடி தண்டமாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர், "தற்காலிகப் பந்துன்னு தமிழ்ல சொல்லியிருந்தா செல்லுமா?"ன்னு கேட்டுச் சிரிச்சார். அவருக்குச் சோறு போடுறதா வேண்டாமான்னு யோசிச்சேன்.

உங்க முதல் போட்டி எப்படிப் போச்சு? சொல்லுங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

மாட்டுப்பெட்டி மூத்தவ

அந்த மார்க்கர் அக்கா நான் இல்லை, ஆனா நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். தமிழ்ல சொன்னாலும் செல்லும்டி, அர்த்தம் தெளிவா இருந்தாப் போதும். உன் வீட்டுக்காரருக்குச் சோறு போடு.

மஞ்சுல பந்து தேடுறவங்களுக்கு இன்னொரு விஷயம். முந்தி 5 நிமிஷம் தேடலாம். 2019-ல விதியை மாத்தினப்ப 3 நிமிஷமாக் குறைச்சுட்டாங்க. இந்த மலையில 3 நிமிஷத்துல மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவே சரியாப் போகும். அதனால சந்தேகம்னாலே ப்ரொவிஷனல் சொல்லிப் பழகிக்கோ. நான் இப்பல்லாம் குக்கர்ல விசில் வரலைன்னாகூட ப்ரொவிஷனல்னு சொல்லிட்டு ரெண்டாவது அடுப்பைப் பத்த வைக்கிறேன்.

2019 மாற்றத்துல எல்லாமே கெடுதல்னு சொல்ல மாட்டேன். கிரீன்ல, அதான் குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்லுல, கை பட்டோ பட்டர் மட்டை பட்டோ பந்து தெரியாம நகர்ந்துட்டா இப்பத் தண்டம் கிடையாது, எடுத்துப் பழைய இடத்துல வெச்சுட்டுப் போகலாம். கொடிக்கம்பு குழியில இருக்கும்போதே பந்தை உருட்டி பட் பண்ணலாம். பந்தை எடுத்து வேற இடத்துல போட வேண்டி வந்தா முட்டி உயரத்துல இருந்து விட்டாப் போதும், தோள் உயரத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்க வேண்டாம். அறுபது தாண்டின எங்களுக்கெல்லாம் இது பெரிய உபகாரம்.

பாலக்காட்டு மாமி

நேக்கு வயசு 61. பாலக்காட்டுலேர்ந்து வாளையார் தாண்டி கோயம்புத்தூர் பக்கம் வந்துதான் ஆடறேன். பொண்ணு அமெரிக்காவுலேர்ந்து அனுப்பின ஷூவை வீணாக்கப்படாதுன்னு ஆரம்பிச்சது. இப்போ செவ்வாக்கிழமை ஆனா கால் தானா அங்கே போறது.

முன்னெல்லாம் பொம்மனாட்டிகளுக்கு ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்துல கிடைக்கற சலுகை அடி, உச்சவரம்பு 36. 2020-ல உலகம் பூரா ஒரே முறைன்னு கொண்டு வந்தப்போ 54 ஆக்கினா. நேக்கு நேரா 54. போர்டுல என் பேருக்கு எதிரே அதைப் பார்த்துட்டு ரெண்டு பேர் வாயைப் பொத்திண்டு சிரிச்சா. நான் ஒண்ணும் சொல்லலை.

அன்னிக்கு ஸ்டேபிள்ஃபோர்டு போட்டி. அதுல அடியை எண்ணறதில்லை, ஒவ்வொரு குழிக்கும் பாயிண்ட். பார், அதாவது அந்தக் குழிக்குன்னு வெச்ச அடிக்கணக்கு, போட்டா 2. ஒண்ணு குறைஞ்சா பேர்டி, அதுக்கு 3. ஒண்ணு கூடினா 1. அதுக்கு மேலே கூடினா பூஜ்யம், பந்தை எடுத்துப் பைல போட்டுண்டு அடுத்த குழிக்குப் போயிடலாம். 54-ன்னா ஒரு குழிக்கு 3 அடி சலுகைன்னு வெச்சுக்கோங்கோ. பார் 4 குழியிலே நான் 7 அடிச்சாலும் கணக்குக்குப் பார்தான், 2 பாயிண்ட் வந்துடும். மெள்ள மெள்ள நடந்து 41 பாயிண்ட் எடுத்தேன். தன் ஹேண்டிகேப்புக்குச் சரியா ஆடினா 36. சிரிச்ச ரெண்டு பேரும் 30-ஐத் தாண்டலை.

இந்த முறையைப் பிரபலப்படுத்தினது ஸ்டேபிள்ஃபோர்டுன்னு ஒரு டாக்டராம். 1932-ல இங்கிலாந்துல வாலசீ கிளப்புல. ஒரு குழி பாழாப்போனா அன்னிய ஆட்டமே பாழாகப்படாதுன்னு நினைச்சிருக்கார். டாக்டர் இல்லையோ, நோயாளி மனசு தெரிஞ்சிருக்கு.

பரிசா ஒரு கண்ணாடிக் கிண்ணம் குடுத்தா. அதுலதான் இப்போ உப்பு மாங்காய் போட்டு வெச்சிருக்கேன்.

கம்பத்துப் பொண்ணு

மாமி, 41-ஆ! கும்பிடுறேன்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மலையில ஆடுறீங்களே, யானை வந்தா என்ன செய்வீங்க? 2023-ல அரிக்கொம்பன் எங்க ஊர்த் தெருவுக்குள்ளயே வந்துச்சு. நாங்க மாடியில நின்னு பார்த்தோம். இன்னும் நினைச்சா வயித்தைக் கலக்குது.

மாட்டுப்பெட்டி மூத்தவ

யானை வந்தா ஓடணும். அதுக்கு விதிப்புத்தகம் வேண்டாம்.

ஆனா புத்தகத்துலயும் வழி இருக்கு. பந்துக்குப் பக்கத்துல ஆபத்தான பிராணி இருந்தா, விஷப்பாம்பு, கொட்டுற தேனீன்னு உதாரணமே போட்டிருக்கான், தண்டம் இல்லாம ஆபத்தில்லாத இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோகலாம். முள்ளுச்செடிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதைவிட அடிக்கடி வர்ற பிரச்சினை யானை இல்லை, யானை போட்டுட்டுப் போனது. எங்க கோர்ஸ்ல ஒரு நாள் என் பந்து லத்தியில ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பிராணிகளோட கழிவும் சருகு, சுள்ளி, கல்லு மாதிரிதான், அப்புறப்படுத்தலாம். ஆனா அதை எடுக்கும்போது பந்து நகர்ந்தா ஒரு அடி தண்டம், பந்தையும் பழைய இடத்துல வெக்கணும். நானும் என் பையைத் தூக்கிட்டு வர்ற கேடியும் ரெண்டு குச்சியை வெச்சுக்கிட்டு, கேக் வெட்டுற மாதிரி ஓரத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா எடுத்தோம். பின்னால வந்த நாலு பேர் கொண்ட கோஷ்டி, முதல் அடி அடிக்கிற டீ மேடையில நின்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. பந்து நகரல. ஆனா அடுத்த அடியை நான் நேரா ஓடைக்குள்ள அடிச்சேன், அது வேற கதை.

அந்த வருஷம்தான் கமிட்டியில சண்டை போட்டு உள்ளூர் விதி வாங்கினோம். யானை மிதிச்ச பள்ளம் எல்லாம் பழுது பார்க்கிற இடம்னு கணக்கு, தண்டமில்லாம வெளிய எடுத்துப் போட்டுக்கலாம். ஸ்கோர் கார்டோட குடுக்கிற சீட்டுல அச்சடிச்சே வந்துடுச்சு.

குரங்கு பந்தைத் தூக்கிட்டுப் போனாலும் தண்டம் இல்லை, இருந்த இடத்துல வேற பந்து வெச்சுக்கலாம். ஆனா குரங்குதான் எடுத்ததுன்னு தெரிஞ்சிருக்கணும், இல்ல கிட்டத்தட்ட நிச்சயமா இருக்கணும். "குரங்குதான் எடுத்திருக்கும்"னு ஊகமாச் சொல்றதெல்லாம் செல்லாது. அப்படிச் சொல்றவங்க எங்க செக்‌ஷன்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்க பந்தை மட்டும் குரங்குக்கு ரொம்பப் பிடிக்கும்.

பொள்ளாச்சிக்காரி

நானும் அழுத கதை ஒண்ணு இருக்குதுங்க. ஒரு கிளப்புல லேடி கேப்டன்ஸ் டே, எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. பார் 3 குழி. எனக்கு முன்னாடி அடிச்ச அக்கா பந்து கொடிக்குப் பக்கத்துலயே போய் நின்னுபோச்சு. கை தட்டிப்போட்டு, வாய் சும்மா இருக்கமாட்டாம, "எந்த ஸ்டிக்குங்க்கா எடுத்தீங்க?"ன்னு கேட்டுப்போட்டேன்.

ரெண்டு அடி தண்டங்க!

அது ஆலோசனை கேக்கறதாமா. எத்தனை கஜம்னு தூரம் கேக்கலாம், பங்கர்ங்கற மணல் பள்ளம் எங்க இருக்குதுன்னு கேக்கலாம், விதி என்னன்னு கேக்கலாம். எந்த ஸ்டிக்குன்னு கேக்கக்கூடாது. நல்லவேளை அந்த அக்கா பதில் சொல்லல. சொல்லியிருந்தா அவங்களுக்கும் ரெண்டு அடியாமுங்க. ஊர்ல மாவு எங்க அரைக்கறீங்க, சேலை எங்க எடுத்தீங்கன்னு கேட்டுப் பழகுன வாயிங்க இது. 18 குழிக்கும் பூட்டு போடச் சொன்னா எப்படிங்க?

டீ குடிக்கறப்ப அந்த அக்காவே வந்து, "7 அயர்ன்தான் கண்ணு, இப்பக் கேளு"ன்னு சொன்னாங்க. இப்ப நாங்க நல்ல சினேகிதம். பழனிக்குப் போறப்ப எங்க வீட்டுக்கு வந்துட்டுத்தான் போவாங்க.

லயத்துப் பொண்ணு

நான் உறுப்பினர் இல்லை. இதுல எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

எங்கப்பா 30 வருஷம் கேடி. அம்மா கொழுந்து எடுத்தாங்க. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனா விதி அத்தனையும் மனப்பாடம். எங்களுக்கு லயத்து, அதான் எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை, வாசல்ல குச்சி நட்டுச் சொல்லிக் குடுப்பார். "வெள்ளைக் குச்சி தாண்டினா திரும்பிப் போய் மறுபடி அடி. சிவப்புக் குச்சின்னா ஒண்ணு குடுத்துட்டு வெளிய எடு. பக்கத்து மேடம் சொன்னா குத்தம், கேடி சொன்னா குத்தமில்ல." பொள்ளாச்சி அக்கா, நீங்க உங்க கேடிகிட்ட கேட்டிருந்தா ஒரு தண்டமும் இல்லை. ஏழா எட்டான்னு அவங்களே சொல்லியிருப்பாங்க.

2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கோல்ஃப் போட்டியோட கடைசி நாள் அதிதி அசோக் ஆடினப்ப, விடியக்காலையிலயே எங்க வீட்டுல டிவியைப் போட்டுட்டோம். ஒரே அடி வித்தியாசத்துல வெண்கலம் போச்சு, நாலாவது இடம். எல்லாரும் அந்தப் பொண்ணைப் பார்த்தாங்க. அப்பா மட்டும் பை தூக்கிட்டு நடந்தவங்களையே பார்த்துக்கிட்டிருந்தார். அது அவங்க அம்மான்னு சொன்னதும், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தம்மா நடக்கிற நடையைப் பாரு, முன்னாலயும் போகல, பின்னாலயும் நிக்கல"ன்னார்.

இப்ப லேடீஸ் போட்டி நாள்ல நான் ஸ்கோர் எழுதப் போறேன். படிச்ச பொண்ணுன்னு கூப்பிடறாங்க. ஆட்டம் முடிஞ்சு டீ வரும், கேக் வரும், அப்புறம் நம்பர் கூப்பிட்டு ஆடுற ஹவுசி. எனக்கு உள்ள நாற்காலி உண்டு. கேடிங்களுக்குப் பின்வாசல் படிக்கட்டுல தனி கிளாஸ். அப்பா அங்கதான் உக்காந்து குடிப்பார், இன்னும் அப்படித்தான். நான் எந்தப் பக்கம் குடிக்கிறதுன்னு ஒவ்வொரு தடவையும் யோசிச்சு, பாதி நாள் குடிக்காமலே வந்துடுவேன்.

தேனி டீச்சர்

லயத்துப் பொண்ணு, நீ எழுதினதைப் படிச்சுட்டு எங்க செக்‌ஷன் பக்கத்தையும் நினைச்சுப் பார்த்தேன். எங்க கேடிங்களும் ஷெட்ல நின்னுதான் குடிக்கிறாங்க. இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட அதைக் கேள்வியாக் கேக்கலை. அடுத்த மீட்டிங்ல கேக்கிறேன்.

என் கதை சின்னது. 34 வருஷம் கணக்கு டீச்சர். எத்தனை பேப்பர் திருத்தியிருப்பேன்! ஒரு போட்டியில 6 அடிச்ச குழிக்கு 5-ன்னு எழுதியிருந்தது. மார்க்கர் எழுதினதை நான் சரிபார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு அடி வித்தியாசத்துல நான்தான் முதல். சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து குழி குழியா நினைச்சுப் பார்த்தப்பதான் உறைச்சுது. பரிசளிப்புக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

கூட்டல் தப்பா இருந்தா நம்ம பொறுப்பு இல்லை, கமிட்டி கூட்டிக்கும். குழி வாரியா இருக்கிற எண் நம்ம பொறுப்பு. கூட எழுதியிருந்தா அந்தக் கூடுதலே நிக்கும். குறைச்சு எழுதியிருந்தா போட்டியில இருந்தே நீக்கம். நிஜமான 6-ஐப் போட்டாலும் ஒரு அடியில நான்தான் ஜெயிச்சிருப்பேன், அதுதான் வயித்தெரிச்சல். எழுந்து போய்ச் சொன்னேன். என் பேர் மேல கோடு போட்டாங்க. ஜெயிச்ச பொண்ணு எனக்கு ஒரு டப்பா அல்வா கொடுத்துட்டுப் போச்சு.

இதுல இன்னொரு எரிச்சலையும் கொட்டிக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆட்டம் ஆரம்பிக்கிற முதல் நேரம் எல்லாம் ஆம்பளைங்களுக்கு. கேட்டா, அவங்க வாரம் பூரா வேலை பாக்கிறாங்களாம். நான் 34 வருஷம் என்ன பண்ணேன், பல்லாங்குழியா ஆடினேன்?

போடிக்காரி

ஆறுதல் கேட்டு வந்தேன், எல்லாரும் என்னைவிடக் கூட அடிவாங்கியிருக்கீங்க. லயத்துப் பொண்ணு, உங்கப்பா எங்க கிளப்புதான்னா என் பையைத் தூக்க வருவாரான்னு கேளு. பாதிக்குழியில எனக்கு விதி சொல்லித்தர ஆள் வேணும். டீ நீயும் நானும் அவரும் படிக்கட்டுலயே குடிக்கலாம், எனக்கு அந்த ஹவுசி சத்தம் ஆகவே ஆகாது.

வர்ற செவ்வாய் மேட்ச் ப்ளே, எதிராளியோட குழிக்குக் குழி மோதுற ஆட்டம். மழை விட்டபாடில்லை. அட்டைக்கு உப்பு மூட்டை கட்டியாச்சு, முட்டி வரைக்கும் சாக்ஸ் வாங்கியாச்சு. மூத்தக்கா, அந்த யானைக்கால் பள்ளத்து உள்ளூர் விதி அச்சடிச்ச சீட்டை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. எங்க கமிட்டிக்கிட்ட காட்டணும்.

மாட்டுப்பெட்டி மூத்தவ

சீட்டு கார்ல இருக்கு, காலையில போடுறேன். மேட்ச் ப்ளேன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ: எதிராளி "போதும், எடுத்துக்கோ"ன்னு குழிக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன பட் அடியை விட்டுக்கொடுத்தா எடுத்துக்கலாம். மெடல்ல அப்படி எடுத்துட்டு வந்துடாதே, குழிக்குள்ள போட்டுட்டுத்தான் நகரணும்.