பெரிய மனிதர் யார் என்று சொல்ல வேண்டியது கூட இருந்தவர்களா, பின்னால் வந்தவர்களா?

ஏற்காட்டு மிளகு:
ஒருவர் பெரியவரா இல்லையா என்பதை அவர் காலத்து ஆட்களால் சரியாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. பயம், சாதி, பதவி, கட்சி எல்லாம் கண்ணை மறைக்கும். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் ஆய்வாளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஏற்காட்டில் குடியிருந்தவர், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழியிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கல்லை எடுத்தார். வேண்டுமென்றே செதுக்கி விளிம்பைக் கூராக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான். அதே வருஷம் அவரும் ஒரு சக அதிகாரியும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் நிறையக் கருவிகளைக் கண்டார்கள். அங்கே தோண்டியெடுத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1912இல் இறந்தவருக்கு இது தெரியாது. உயிரோடு இருந்தவரை அவர் பெரும்பாலோருக்கு ஒரு சர்வே அதிகாரி, அவ்வளவுதான்.

அம்மாப்பேட்டை தறி:
அண்ணா, கல்லுக்கு வயது கூடினால் எடுத்தவருக்கும் மதிப்பு கூடிவிடுமா? ஆயிரம் பேர் மிதித்துப்போன கல்லில் மனிதன் கை பட்டிருக்கிறது என்று அவர் கண்டுகொண்டாரே, பெருமை அதில்தான் இருக்கிறது. அது 1863லேயே முடிந்த காரியம். கூட வேலை செய்தவர்கள் அன்றைக்கே சொல்லியிருக்க முடியும்.

ஏற்காட்டு மிளகு:
தம்பி, கண்டுகொண்டது பாதிதான். எந்த ஊர், எந்த மண் அடுக்கு என்று அவர் விடாமல் எழுதி வைத்தார். அவர் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றுக்கு அவர் எழுதிய பட்டியலே அவர் இறந்த பிறகு, 1914இல்தான் அச்சாகி வந்தது. எழுதியது சரியா என்று யாருக்குத் தெரியும்? அதே இடத்துக்குத் திரும்பிப் போய்த் தோண்டியவர்களுக்குத்தான். கூட இருந்தவர்களால் அவரைப் புகழ முடியும், சோதித்துப் பார்க்க முடியாது.

சூரமங்கலத்து வாசகி:
ஆராய்ச்சிக்காரருக்கு இது பொருந்தும் சார். ஆட்சி செய்தவருக்குப் பொருந்துமா? ராஜாஜியைச் சொல்லுங்கள். நம் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர்.

அம்மாப்பேட்டை தறி:
நானே அங்குதான் வர நினைத்தேன். 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டப்படி பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். தறிக்காரன் பிள்ளை மத்தியானம் வீட்டுக்கு வந்து மறுபடி தறிக்குழியில் கால் வைக்கணும். அதைக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தவர்கள் யார்? அன்றைக்கு இருந்தவர்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார், திட்டம் போனது. ஒரு வருஷத்துக்குள் சரியான தீர்ப்பு வந்துவிட்டது. ஐம்பது வருஷம் காத்திருந்திருந்தால் எங்கள் தெருவில் ஒரு தலைமுறையே படிக்காமல் போயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஏற்காட்டு மிளகு:
அந்தத் திட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதே ஆளின் வேறொரு காரியத்தைப் பாருங்கள். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கணவன் கூலியோடு வீடு வந்து சேர்ந்த பெண்களைக் கேட்டால் அவர் தெய்வம். பிழைப்புப் போன மரமேறியைக் கேட்டால் பாவி. அந்தக் காலத்து மனிதர் தீர்ப்பு என்கிறீர்களே, இவர்களில் யார் தீர்ப்பு? சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் திட்டித் தீர்த்தார்கள். பிறகு பல்லாண்டுகள் மாநிலங்களின் கஜானா அந்த வரியில்தான் ஓடியது. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

சூரமங்கலத்து வாசகி:
பின்னால் வருகிறவர்கள் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் பேச முடியும், அதையும் சொல்லுங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் நிற்பது அதன் வாசல் வளைவு மட்டும். 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரதியே கிடையாது. அதன் முதலாளி டி.ஆர். சுந்தரத்தை எதை வைத்து எடை போடுவது? அங்கே செட் போட்ட தச்சரும் லைட் பிடித்தவரும் சொன்னதை யாராவது எழுதி வைத்தார்களா? நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது!

அம்மாப்பேட்டை தறி:
அதுதான் அக்கா. என் தாத்தா அங்கே தச்சு வேலை பார்த்தவர். முதலாளி கண்டிப்பானவர், ஒரு நிமிஷம் தாமதம் என்றாலும் கேள்வி வரும் என்பார். ஆனாலும் அந்தக் கண்டிப்பைப் பெருமையாகத்தான் சொல்வார். இது எந்தப் புத்தகத்திலும் வராது.

ஏற்காட்டு மிளகு:
தாத்தாவுக்கு அங்கே சோறு கிடைத்தது தம்பி. அதனால் வந்த பெருமை எவ்வளவு, வேலையைப் பார்த்து வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கணும் இல்லையா? அதற்கும் கொஞ்சம் தூரம் தேவைதான்.

அம்மாப்பேட்டை தறி:
தூரம் போனால் மறதியும் கூடவே வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? சி. விஜயராகவாச்சாரியார் 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கித் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் நிரபராதி என்று வெளியே வந்தவர். 1920இல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். அவர் காலத்து ஜனங்கள் அவரைச் சேலத்து வீரர் என்றார்கள். இன்று நாலு ரோட்டில் நின்று பத்துப் பேரைக் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பார்ப்போம். தெரியவில்லை என்றால் அவர் சின்ன மனிதர் ஆகிவிடுவாரா? பிற்காலம்தான் நீதிபதி என்கிறீர்கள். இந்த வழக்கில் நீதிபதி கோர்ட்டுக்கே வரவில்லை அண்ணா.