ஊரோடு ஒட்ட என்ன செய்ய வேண்டும்? சென்னையை விட்டு அம்பை, கல்லிடைப் பக்கம் வருகிறவர்களுக்காக ஒரு விவாதம்

கன்னடியன்கரை:

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசி பக்கம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்து குடியேறுகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனது ஒரு காரணம். தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் சோகோ மென்பொருள் கம்பெனி 2011லேயே வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் ஓட ஆரம்பித்த பிறகு திருநெல்வேலியில் காலையில் ஏறினால் மதியம் எழும்பூர். வருவது இன்றைக்குப் பெரிய காரியம் இல்லை. ஆனால் வந்தவர்களில் எனக்குத் தெரிந்தே சில குடும்பங்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பிப் போய்விட்டன. கேட்டால், "ஆள் பழக்கமே இல்லைங்க" என்கிறார்கள்.

என் கருத்து இதுதான். அவர்கள் வந்தது சாரலுக்கும் பாபநாசத்துத் தண்ணீருக்கும் பொதிகைமலை தெரிகிற மொட்டை மாடிக்கும். மலை எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் உடம்பு முடியாமல் படுத்தால் அது கஞ்சி கொண்டு வராது. ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்வது துஷ்டி வீட்டில். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் யார் பெஞ்சு தூக்கினார், யார் பந்தலுக்குச் சொன்னார், யார் தூக்குவாளியில் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார் என்று எல்லாம் மனசில் பதிந்துவிடும். மாலையோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர் விருந்தாளி. பெஞ்சின் மறுமுனையைப் பிடிக்கிறவர்தான் தெருக்காரர்.

அதே மாதிரிதான் கோயில் கொடைத் திருவிழாவும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்டு நோட்டோடு வருவார்கள். "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று கதவைச் சாத்தினால், நீங்கள் மறுத்தது சாமியை இல்லை, தெருவை. நான் வரி கொடுத்தேன், வில்லுப்பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பிளம்பரிலிருந்து பால்காரர் வரை என்னை 'மெட்ராஸ்காரர்' என்று சொல்வதை விட்டுவிட்டு எங்கள் தாத்தா பேரைச் சொல்லி அடையாளம் காட்ட ஆரம்பித்தார்கள். சிறிய ஊருக்கு வருகிறவர்கள் இந்தக் கடமைகளை ஏற்றுக்கொண்டு வர வேண்டும். அது முடியாதென்றால் வர வேண்டாம்.

பாளைவாசி:

நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. 'தாத்தா பேரைச் சொல்லி.' உங்களுக்கு அங்கே தாத்தா இருந்தார். எனக்கு இல்லை. நான் வட மாவட்டத்தில் பிறந்து சென்னையில் வேலை பார்த்தவன். மனைவிக்கு அம்பை பக்கம் மாற்றல் வந்ததால் வந்தேன்.

வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம் மூன்று கேள்வி. "எந்தூரு?" "அங்கன எந்தத் தெரு?" "குலசாமி எங்க இருக்கு?" நேராகச் சாதியைக் கேட்கவே இல்லை. மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கும்போது, முன்பணம் பேசக் கொண்டுவந்த காலண்டர் அட்டையை அந்தப் பெரியவர் மெதுவாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் போன் வந்தது: "சொந்தக்காரவுக வாராவ, வீடு இப்பம் இல்ல." அந்த வீடு அதற்குப் பிறகு பல மாதம் பூட்டியே கிடந்தது.

துஷ்டி வீட்டில் பெஞ்சு தூக்கச் சொல்கிறீர்கள். நான் தூக்கத் தயார். எந்தத் தெருவில் தூக்குவது? கொடைக்கு வரி கொடுக்கச் சொல்கிறீர்கள். அந்த நோட்டில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்பது நோட்டு வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையனைச் சாதிப் பகையில் அவன்கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொல்கிறது. பிள்ளைகளின் மணிக்கட்டு வரை வந்துவிட்ட விஷயத்தை விட்டுவிட்டு, 'ஊரோடு ஒட்டுங்கள்' என்று புதிதாக வருகிறவனுக்கு அறிவுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பாளையங்கோட்டைக்கு மாறிவிட்டேன். இங்கேயும் அந்தக் கேள்வி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து வீட்டில் ஒருவர் கேட்காமல் சாவியைக் கொடுக்கிறார். சிறிய ஊரில் அந்தப் பத்தாவது வீடே கிடையாது.

சேரைக்காரன்:

ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் எங்கேயும் போகாதவன். சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று ரெண்டு போக நெல்லும் விளைந்ததைப் பார்த்தவன், இப்போதும் பயிர் வைக்கிறவன்.

பாளைவாசி தம்பி சொன்னதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. அது எங்கள் பக்கத்துக் கேடு. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பெருகி வந்தபோது திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே யாரும் குலசாமியைக் கேட்கவில்லை.

அப்புறம், வருகிறவர்களிடம் எனக்கு வேறு ஒரு வருத்தம் இருக்கிறது. கொடை வரி கொடுத்தீர்களா, துஷ்டிக்கு வந்தீர்களா என்பதெல்லாம் எனக்கு ரெண்டாவது. வாய்க்கால் ஓரம் வயலை வாங்கி மண் அடித்து மேடாக்கி வீடு கட்டுகிறீர்களே, உங்கள் மனைக்கு அந்தப்புறம் இருக்கிற வயலுக்கு மடைத் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டீர்களா? அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 வாக்கில் காருக்குத் திறப்பார்கள். திறந்த தண்ணீர் மடைக்கு மடை தாண்டி வர வேண்டும். நடுவில் ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பினால் கீழ்மடைக்காரனுக்குப் பயிர் போச்சு. வெள்ளக் காலத்தில் அதே தண்ணீர் வடிய வழியில்லாமல் உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். பச்சை வயலைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்க ஆசைப்பட்டு வந்தவர்கள் அந்த வயலையே மனையாக்கினால் என்ன நியாயம்? ஊருக்குள்ளே பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை. அதில் ஒன்றைச் செம்மை செய்து இருங்கள்.

பாளைவாசி:

அண்ணாச்சி, வெள்ளத்தில் சோறு போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ரயிலில் நின்றவர்கள் ரெண்டு மூன்று நாளில் போகப்போகிறவர்கள். வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதும் வாடகைக்கு இடம் கொடுப்பதும் வேறு வேறு. போகிறவனிடம் இந்த ஊர்கள் காட்டும் அன்பில் நூறில் ஒரு பங்கு, தங்க வருகிறவனிடம் காட்டினால் போதும்.

நீங்களே சொல்கிறீர்கள், ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இருங்கள் என்று. அந்தப் பூட்டைத் திறக்க மாட்டேன் என்கிறார்களே. வயலில் மனை வாங்குகிறவர்கள் எல்லோரும் காப்பி குடிக்க வாங்கவில்லை. மனை விற்பவன் குலசாமியைக் கேட்பதில்லை, அதனாலும் வாங்குகிறார்கள்.

மச்சுவீடு:

ரொம்ப நேரமாக ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

கன்னடியன்கரை அண்ணன் அடுக்கிய கடமைகளை உங்கள் வீட்டில் யார் செய்கிறார்கள்? பெஞ்சு தூக்குவது நீங்கள். கடுங்காப்பி போடுவது யார்? பதினாறு நாள் வரை அந்த வீட்டில் போய் உட்கார்ந்து துஷ்டி கேட்பது யார்? சடங்கு வீடு, பால் காய்ச்சுகிற வீடு, வளைகாப்பு, மறுவீடு என்று ஒவ்வொன்றுக்கும் முறை பார்த்துப் போய் நிற்பது யார்? போகவில்லையென்றால் அந்தக் குறை உங்கள் பேரில் எழுதப்படாது, மருமகள் பேரில்தான் எழுதப்படும்.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் மாமியார் வீட்டு மச்சில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். மாதப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் மதியம் 2 மணிக்குத்தான் வரும். பேட்டரியை மிச்சம் பிடித்து ஒரு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன். கீழே வாசலில் நின்று, "மதினி, சும்மாதான இருக்கிய, கொஞ்சம் தேங்கா திருவித் தாங்களேன்" என்று ஒரு குரல் வரும். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பது வேலை என்று அந்தத் தெரு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிற அக்காவை யாரும் சும்மா இருப்பதாகச் சொல்வதில்லை, கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. என் வேலை தெரியவில்லை. அந்த அக்காதான் ஒருநாள் வாசலில் நின்றவர்களிடம், "அவ சம்பளத்து வேலையில இருக்கா, சாயங்காலம் வாங்க" என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து பகலில் என்னைக் கூப்பிடுவது குறைந்தது.

எனக்கு இந்த ஊர் பிடிக்கும். ஆற்றுப் பக்கம் சாயங்காலம் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடிகிறது, சென்னைப் பெருங்குடியில் அது நடக்காது. பால்காரருக்குக்கூட என் பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியும். ஆனால் 'கடமையை ஏற்றுக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தக் கடமை, யாருடைய முதுகில் என்று முதலில் சொல்லுங்கள்.

ரெண்டுமனசு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இன்னும் சென்னையில்தான் இருக்கிறோம், அம்பை பக்கம் வர யோசிக்கிறோம். எங்களுக்கு அங்கே சொந்தம் யாரும் இல்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நிலவரம் எப்படி? பிள்ளை ஆறாம் வகுப்பு.

சேரைக்காரன்:

தம்பி, சாதாரணக் காய்ச்சல், பிரசவம் எல்லாம் அம்பை அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய வைத்தியம் என்றால் எல்லோரும் ஓடுவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். மருத்துவக் கல்லூரி அங்கே 1965லிருந்து இருக்கிறது, பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளும் பாளை, வண்ணார்பேட்டை பக்கம்தான். அம்பையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்பையிலேயே டயாலிசிஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் வாரம் மூன்று தடவை அந்த அலைச்சல் உங்கள் அப்பாவுக்கு ஆகாது. அவர் இருக்கிறவரை திருநெல்வேலியிலேயே இருங்கள். ஊர் எங்கேயும் ஓடிவிடாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் பாபநாசம்.

கன்னடியன்கரை:

எல்லாவற்றையும் படித்தேன். என் அடிப்படைக் கருத்து மாறவில்லை: கொடுக்கல் வாங்கல் இல்லாமல் சிறிய ஊரில் யாரும் வேர் பிடிக்க முடியாது. தனியாக இருக்க விரும்புகிறவருக்குச் சென்னையே நல்லது, அங்கே அதற்கு வசதி இருக்கிறது.

ஆனால் மச்சுவீடு தங்கை கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் பதினாறு நாளும் போய் உட்கார்ந்தது என் மனைவிதான். அவளிடம் காட்டினேன், "அந்தப் பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கு" என்றாள். துஷ்டி கேட்க ஆண்கள் ஒருவேளை போனால் பெண்கள் மறுவேளை போகட்டும் என்று எங்கள் வீட்டில் இனி வைத்துக்கொள்கிறோம். தெரு என்ன சொல்லும் என்று பார்ப்போம்.

பாளைவாசிக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. ஊருக்குள் நுழைய முடிந்தவனுக்குத்தான் அங்கே பேச வாய் உண்டு. வெளியில் இருந்து அறிக்கை எத்தனை வந்தாலும், தெருக்கூட்டத்தில் தலைக்கட்டுக்காரன் ஒருவன் எழுந்து "இது தப்பு" என்று சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. அதற்காகவாவது உள்ளே இருக்க வேண்டும் என்கிறேன்.

பாளைவாசி:

அப்படி எழுந்து பேசியிருக்கிறீர்களா? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். வரி கொடுத்தீர்கள், வில்லுப்பாட்டு கேட்டீர்கள், தெரு உங்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த இடத்தை எதற்குச் செலவழித்தீர்கள்?

கன்னடியன்கரை:

இதுவரை கூட்டத்தில் பேசும்படி எதுவும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. எங்கள் தெருவில் பட்டாசல், தார்சா, ரெண்டாங்கட்டு, புறவாசல் கிணறு எல்லாம் உள்ள ஒரு வீடு தைக்குக் காலியாகிறது. வீட்டுக்காரர் எனக்கு நெருக்கம், பிள்ளைகள் பெங்களூரில். அவரிடம் போய், வாடகைக்கு வருகிறவரிடம் வேலை, குடும்பம், முன்பணம் இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லப்போகிறேன். உங்களுக்கு இன்னும் அம்பை பக்கம் வர மனசு இருந்தால் முதலில் உங்கள் பேரைத்தான் சொல்வேன்.

பாளைவாசி:

என் மனைவி தினமும் பாளையிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். அதனால் வேண்டாம் என்று சட்டென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பெயரைச் சொல்லாமல் பேசுங்கள். பொதுவாக, யார் வந்தாலும் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுங்கள், மறுத்தாலும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் வந்து வீட்டைப் பார்க்கிறோம்.