பாட்டு சாஃப்ட்வேரில் கணீர், வீடியோ டைம்லைனில் கம்மல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பரங்குன்றம் எடிட்டர்
மூன்று மாதமாக மனதை விட்டுப் போகவில்லை. ஒரு கல்யாணம். நாதஸ்வரம், தவில் எல்லாம் ஒரே மைக்கில் எடுத்தது. ரீப்பர் என்ற பாட்டு சாஃப்ட்வேரில் சுத்தம் செய்து பீக்கை, அதாவது சத்தம் தொடும் உச்சத்தை, மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தினேன் (0-தான் வரம்பு). எடிட்டிங் டைம்லைனில் அதே ஃபைல் மைனஸ் 4 காட்டியது. நேரமில்லை, அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பெண் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறார்கள். தாலி கட்டும் இடம். அப்பத்தா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். 30, 38, 45. "கெட்டிமேளம் எங்கப்பா?" என்று என்னைப் பார்த்தார். அடுத்த நொடி ரிசப்ஷன் காட்சி, பின்னணியில் சினிமாப் பாட்டு. தொட்டிலில் தூங்கிய பிள்ளை வீறிட்டு அழுதது.

பிறகுதான் தெரிந்தது, பேன் லா: சத்தத்தை இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும்போது எவ்வளவு குறைப்பது என்ற விதி. மோனோ (ஒற்றைச் சேனல்) ஃபைலை ஸ்டீரியோவில் நடுவில் வைத்தால் சில சாஃப்ட்வேர்கள் 3 டெசிபல் குறைத்துவிடும். ரீப்பரில் அது ஆரம்பத்திலேயே 0.

மேலூர் பறை
அண்ணே, பேன் லா சரி. ஆனால் 3 டெசிபலுக்காக யாரும் ரிமோட்டில் 30-லிருந்து 45-க்குப் போக மாட்டார்கள். நீங்கள் பார்த்தது பீக். தவிலில் ஒரு அடி விழுந்தால் பீக் மைனஸ் 1-ஐத் தொட்டுவிடும், அடிக்கும் அடிக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. சினிமாப் பாட்டு அப்படி இல்லை, தொடக்கம் முதல் கடைசி வரை அழுத்தி வைத்திருப்பார்கள். பீக் இரண்டுக்கும் ஒன்றுதான், காதுக்கு ஒன்றல்ல. பறையில் நானும் இதே அடி வாங்கினேன். காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவான லஃப்ஸை அளந்து பாருங்கள்.

ஒத்தக்கடை
எனக்கு நடந்தது வேறு. கும்பாபிஷேக வீடியோ, மறுநாள் காலை கொடுக்க வேண்டும். பாட்டு சாஃப்ட்வேரின் சத்தம் ஆசியோ வழியாக, விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸைத் தொடாமல், இன்டர்ஃபேஸ் என்ற ஆடியோ பெட்டிக்கு நேராகப் போகிறது, நன்றாகக் கேட்கிறது. எடிட்டிங்கில் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. மொத்த டைம்லைனுக்கும் 9 டெசிபல் ஏற்றினேன். விடிந்ததும் போனில் போட்டால், மந்திரம் முழுக்கக் கரகர.

பார்த்தால், கம்ப்யூட்டரில் பின்னணியில் ஒரு வீடியோ கால் திறந்தே கிடந்திருக்கிறது. விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. கால் வந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறை என்று அதில் இருந்தது. 'டூ நத்திங்' வைத்தேன், தீர்ந்தது. மீட்டர் சரியாகத்தான் காட்டியது, நான்தான் காதை நம்பினேன்.

அலங்காநல்லூர் கேமரா
வாடிவாசல் வீடியோ ஒன்றை மைனஸ் 7 லஃப்ஸில், ரொம்பச் சத்தமாக, ஏற்றினேன், யூடியூபில் அமுங்கிப்போனது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூடியூப் மைனஸ் 14 லஃப்ஸுக்கு மேல் போனால் இறக்கும், குறைவாக இருந்தால் பொதுவாக ஏற்றித் தராது. அதனால் மைனஸ் 14-ஐ ஒட்டி வையுங்கள், ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1-ஐத் தாண்ட வேண்டாம். ஏற்றிய வீடியோவில் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்கள், எவ்வளவு இறக்கியது என்று அங்கேயே இருக்கும். லஃப்ஸ் சரிசெய்யக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' இருக்கிறது. அப்புறம், கொடுக்கும் முன் ஒரு முறை மோனோவில் கேளுங்கள். இரண்டு மைக்கில் ஒன்று ஃபேஸ் மாறி, அதாவது அலை தலைகீழாகி, இருந்தால் ஹெட்போனில் அகலமாகக் கேட்கும், மோனோவில் குரல் காணாமலே போகும்.

பரங்குன்றம் எடிட்டர்
மேலூர் தம்பி சொன்னது சரி. அளந்தேன். மேளம் மைனஸ் 21 லஃப்ஸ், பாட்டு மைனஸ் 9. பாட்டை 8 டெசிபல் இறக்கி, மேளத்தை லிமிட்டர் (உச்சத்தை வரம்புக்குள் அடக்குவது) போட்டு 3 ஏற்றினேன். பேன் லாவுக்கான 3 தனியாகச் சேர்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு அப்பத்தா வீட்டுக்குப் போகிறேன்.