2 அடித் தொட்டியில் எந்தெந்த வண்ண மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

கேள்வி

வணக்கம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, ஃபில்டரும் ஹீட்டரும் பொருத்தி, இந்த வாரம்தான் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். பார்த்தவுடன் கண் நிறையும்படி பல வண்ணங்கள் வேண்டும் என்பதற்காக பத்து நியான் டெட்ரா, ஆறு கப்பி, ஆறு டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல், ஓர் ஆண் ஃபைட்டர் என்று முடிவு செய்திருக்கிறேன். கடையில் பார்த்தபோது எல்லாமே விரல் நீளத்துக்குள்தான் இருந்தன. இவற்றை ஒன்றாக விடலாமா? எங்கள் குழாய்த் தண்ணீர் சற்றுக் கடினமானது. பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிகிறது.

பதில் 1

தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்ல மீன்கள்தான். ஒரே தொட்டிக்குள் இவை ஒத்துப்போகமாட்டா. டைகர் பார்ப் நீண்ட துடுப்பைக் கண்டால் கடிக்காமல் இருக்காது. ஏஞ்சலின் கீழ்நோக்கித் தொங்கும் மெல்லிய துடுப்பு, கப்பியின் வால், ஃபைட்டரின் விசிறி வால் மூன்றும் சில நாட்களிலேயே கிழிந்துவிடும். எட்டுப் பத்து பார்ப்களைக் கூட்டமாக விட்டால் அவை தமக்குள்ளேயே துரத்தி விளையாடும் என்பது உண்மைதான், ஆனால் நீண்ட துடுப்புள்ள மீன்களை அதை நம்பி விடுவது சரியல்ல.

ஏஞ்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் நாணயம் அளவு இருக்கும் குட்டி, வளர்ந்த பின் துடுப்புகளோடு சேர்த்து 20 செ.மீ. உயரத்துக்கு வரும். உங்கள் தொட்டியின் உயரமே 30 செ.மீ.; மணலும் நீர்மட்டமும் போக மிஞ்சுவது அதனினும் குறைவு. மேலும், வாயில் அடங்கும் எதையும் அது இரையாகவே கருதும். வளர்ந்த ஏஞ்சல் இருக்கும் தொட்டியில் நியான் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போவது பலரும் கண்டதுதான். ஆகவே ஏஞ்சலையும் டைகர் பார்பையும் பட்டியலிலிருந்து தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் நியான், கப்பி, ஃபைட்டர் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2

ஃபைட்டரும் கப்பியும் ஒத்துவராது. ஆண் கப்பியின் பளிச்சிடும் பெரிய வாலைப் பார்த்து, அதை இன்னோர் ஆண் ஃபைட்டர் என்று கருதித் தாக்குவது ஃபைட்டரின் இயல்பு.

நியானையும் கப்பியையும் பொறுத்தவரை சண்டை இல்லை, தண்ணீர்தான் சிக்கல். நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் மென்மையான, அமிலத்தன்மை மிகுந்த நீரோடைகளைச் சேர்ந்தது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டி போடும் மீன்களோ சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீரில்தான் செழிப்பாக வளரும். பண்ணையில் பிறந்த நியான்கள் மிதமான கடினத்தன்மையைத் தாங்கிக்கொள்ளும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீரில் அவற்றை வைத்து, பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவைக் குறைக்க மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே மேல். மருந்தால் குறைந்த பி.எச்., கடினநீரில் திரும்பவும் ஏறிவிடும்; அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை அதிகம் வாட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆண் கப்பிகள் ஆறு, சிவப்பு அல்லது மஞ்சள் நிற ஆண் பிளாட்டிகள் நான்கு, அடித்தளத்துக்கு வெண்கல நிறக் கோரிடோராஸ் ஆறு என்று விடுவேன். கப்பியில் நிறமெல்லாம் ஆணுக்குத்தான். பெண்ணைச் சேர்த்தால் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை இணைந்த பெண், ஆணே இல்லாமலும் சில மாதங்கள் வரை தொடர்ந்து குட்டி ஈனும் என்பதால், ‘ஒரு பெண்தானே’ என்று வாங்கியவர்கள் தொட்டி நிரம்பித் திண்டாடுவார்கள். கோரிடோராஸ் மீசையால் தரையைத் துழாவி உண்பதால், கூரான சரளைக்குப் பதில் நைஸான மணல் போடுங்கள்.

பதில் 3

மேலே சொன்ன தேர்வுக்கு மாற்றாகச் செர்ரி பார்ப் மீன்களையும் எண்ணிப் பாருங்கள். பெயரில் பார்ப் இருந்தாலும் சாதுவான மீன், ஓரளவு கடினநீரையும் தாங்கும். ஆண்கள் முதிர்ந்தபின் அடர்ந்த சிவப்பாகும். ஒரே இனத்தில் எட்டுப் பத்து மீன்கள் ஒன்றாகத் திரும்பி நீந்தும்போது வரும் அழகு, இனத்துக்கு இரண்டாக ஐந்து இனங்களை விட்டால் வராது என்பது என் கருத்து.

நிறம் மீனிடம் மட்டும் இல்லை. வெள்ளைக் கற்களின் மேல் மீன்கள் வெளுத்துத் தெரியும். கருமையான மணலும் பின்புறம் கறுப்புத் தாளும் அடர்ந்த செடிகளும் இருந்தால் அதே மீன் வேறு மீனாகத் தோன்றும். கடையில் இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களில் கண்ணாடி மீன்களையோ வெள்ளை டெட்ராக்களையோ கண்டால் வாங்காதீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஊசி மூலமோ சாயத்தில் முக்கியோ நிறமேற்றப்பட்டவை. நிறமும் நிற்காது, மீனும் நலிந்திருக்கும்.

அவசரப்பட வேண்டாம் என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். இந்த வாரம்தான் நீர் நிரப்பியிருப்பதால் ஃபில்டரில் பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெற வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். கடினநீரில் பி.எச். உயர்ந்திருப்பது வழக்கம், பி.எச். உயர உயர அம்மோனியாவின் நச்சும் கூடும். ஆதலால் மீன் இல்லாமலேயே சிறிதளவு தீனியைப் போட்டு அழுகவிட்டு, சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று வந்த பிறகு முதல் மீனை விடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால், அதை நீக்கும் திரவத்தை ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சேருங்கள்.

முதலில் நான்கு பிளாட்டிகள், இரண்டு வாரம் கழித்துக் கப்பிகள், கடைசியாகக் கோரிடோராஸ் என்று விட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். சுழிக்கு மேல் காட்டினால் அடுத்த தொகுதியைத் தள்ளிப்போடுங்கள்.